முதுமை ஆய்வும் மாமாவின் பல்செட்டும்

என் தாய்மாமாவின் பல்செட் தொலைந்துபோகவில்லை. அது எங்கே இருந்தது என்று அந்த நிறுவனத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மருத்துவத் துறையின் உறைபெட்டியில், பெயருக்குப் பதில் எண் ஒட்டிய டப்பா ஒன்றில் இருந்தது. கேட்டால் பெருமையாகச் சொல்வார்கள். உலகத்தில் எந்தப் பல்செட்டும் இவ்வளவு பத்திரமாக இருந்ததில்லை என்பார்கள். கொடுக்கத்தான் மாட்டார்கள்.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதப் பார்க்கிறேன். கோபப்படுவதற்கு முன் வரிசைப்படுத்த வேண்டும் என்பதுதான் மாலை வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். வரிசைப்படுத்தி முடித்த பிறகும் கோபம் அப்படியே இருந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. அது இரண்டாம் பருவத்தில் வருமோ என்னவோ.

மாமா ஏலக்காரர். வீடு காலி செய்கிறவர்களின் பழைய சாமான்களை ஏலம் விட்டே வாழ்ந்தவர். ஓடாத சுவர்க்கடிகாரத்தை, "அவசரமே இல்லாத குடும்பத்துக்கான கடிகாரம்" என்று சொல்லி, ஓடும் கடிகாரத்தைவிட அதிக விலைக்கு விற்றவர். மாமி இறந்த பிறகு அவர் தனியாக இருந்தார். பிள்ளைகள் இல்லை. நானும் அம்மாவும் குடியிருக்கும் அறையில் இன்னொரு கட்டில் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அப்போதுதான் முதுமை ஆய்வு நிறுவனத்தைப் பற்றி யாரோ சொன்னார்கள். கீழ்த்தளத்தில் முதியோர் இல்லம். மேல்மாடிகளில் மருத்துவம், உளவியல், முதுமையியல், பண்பாடு என்று நான்கு துறைகள். இல்லத்தில் இருப்பவர்களுக்கு அறையும் சாப்பாடும் இலவசம். பதிலுக்கு அவர்கள் ஆய்வுக்கு ஒத்துழைக்க வேண்டும். 'முதியோரை மையத்தில் வைத்திருக்கிறோம்' என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தது. மையத்தில் வைப்பதென்றால் நாலு பக்கமும் ஆள் நின்று பார்ப்பது என்று எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

நான் பகலில் மருந்துக்கடையில் நிற்கிறேன். மாலையில் அதே நிறுவனத்தில் 'ஆய்வு முறைகள்: ஓர் அறிமுகம்' என்ற வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் மாமாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்பது ஒரு காரணம். என்றாவது ஒருநாள் அந்த மேல்மாடிகளில் ஒன்றில் எனக்கும் ஒரு மேசை கிடைக்காதா என்பது இன்னொன்று. இதை இப்போது எழுதும்போது கூச்சமாக இருக்கிறது.

பல்செட்டை எடுத்தது மருத்துவத் துறை. ஒரு நாள் காலை டாக்டரம்மா ஒருவர் கையுறை போட்டுக்கொண்டு தட்டோடு வந்திருக்கிறார். வாய்க்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கும் முதுமைக்கும் உள்ள உறவைப் பற்றிய ஆய்வு அவருடையது.

"ரெண்டு மணி நேரம்தான் பெரியவரே. மேல படிஞ்சிருக்கறதைச் சுரண்டி எடுத்துட்டுக் குடுத்துடுவோம்."

"சுரண்ட என்னம்மா இருக்கு? ராத்திரியும் காலையும் தேய்ச்சுத்தானே வைக்கறேன்."

"நீங்க தேய்க்காம இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும். பரவால்ல, குடுங்க."

மாமா கழற்றிக் கொடுத்துவிட்டார். அன்று வகுப்பு முடிந்து நான் போனபோது அறையில் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன மாமா, பல் வலியா?"

"பல்லு இருந்தாத்தானே வலிக்கும்," என்றார் துண்டுக்குள்ளிருந்து.

மறுநாள் டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இந்தக் கதையில் வருகிற எந்த அதிகாரியும் கோபப்படவில்லை. அது அவர்களுடைய பயிற்சி.

"உங்க மாமாவோட மாதிரி ரொம்ப அபூர்வமானதும்மா. அந்தப் பல்செட்ல ஒரு ஊரே குடியிருக்கு. திரும்ப வாய்ல போட்டா எல்லாம் கலைஞ்சுடும். அதனால உறைய வச்சுட்டோம்."

"ஆனா மேடம், அது அவரோட பல்லு."

"பல்லு அவரோடதுதான், இல்லைங்கல. பல்லு மேல வாழறது எங்களோடது. ரெண்டையும் பிரிக்க இன்னும் வழி கண்டுபிடிக்கல."

கண்டுபிடித்துவிட்டால் சொல்வதாக என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார். எனக்கு அப்போது நம்பிக்கையாகக்கூட இருந்தது.

மாமாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பொக்கை வாயோடு நாலு பேர் முன்னால் பேசமாட்டார். மாமிக்கு முன்னாலேயே பல்செட் இல்லாமல் பேசியதில்லை என்று அம்மா சொல்வாள். சந்தையே வாய் பார்த்து நின்ற மனிதர் அவர். ஆகவே இல்லத்தில் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். யாராவது வந்தால் துண்டை மேலே இழுத்துக்கொண்டு தலையாட்டுவார். என்னிடம் மட்டும் கதவைச் சாத்திய பிறகு பேசுவார்.

இதற்குள் உளவியல் துறை தன் வேலையைத் தொடங்கியிருந்தது. என் வகுப்பாசிரியர்தான் அந்த ஆய்வையும் நடத்துகிறவர். ஒருநாள் வகுப்பில் எங்களுக்கு ஒரு படம் போட்டுக் காட்டினார். ஒரு முதியவரை நேர்காணல் செய்கிறார்கள். அடையாளம் தெரியக்கூடாதென்று கண்களை மட்டும் மறைத்திருந்தார்கள். வாய் தெரிந்தது. அதாவது, வாயை மூடியிருந்த துண்டு தெரிந்தது. பச்சைக் கட்டம் போட்ட அந்தத் துண்டை வாங்கிக்கொடுத்தது நான்.

"கவனிங்க," என்றார் ஆசிரியர். "சிரிக்கற முகத்தோட படத்தைக் காட்டறோம். இவர் திருப்பிச் சிரிக்கல. பேரைக் கேக்கறோம். திரையை இன்னும் மேல இழுக்கறார். உலகத்துக்கும் தனக்கும் நடுவுல ஒரு திரை. இதுக்கு 'மூடுதிரை நடத்தை'ன்னு பேர் வச்சிருக்கோம். போன மாசம்தான் வச்சோம்."

நான் கை தூக்கினேன். வகுப்பில் கை தூக்குவது எனக்கு அதுதான் முதல் தடவை.

"சார், அவருக்குப் பல்செட் இல்ல சார். அதான் மூடிக்கறார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவர் என் மாமா சார்."

"அப்ப உங்க கருத்தைச் சேர்த்துக்க முடியாதே. நெருங்கினவங்க சொல்றதுல சாய்வு இருக்கும்."

"சாய்வெல்லாம் இல்ல சார். பல்லுதான் இல்ல."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். ஆசிரியரும் சிரித்தார், அன்பாகத்தான். பிறகு வகுப்பைப் பார்த்துச் சொன்னார்: "எழுதிக்குங்க. இதுக்குப் பேர் எளிய விளக்கம். ஆய்வாளனோட முதல் எதிரி. காரணம் இவ்வளவு கிட்டக்கவே கிடக்கும்னா அப்பறம் நாம எல்லாம் எதுக்கு?"

எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு நடந்து போகும்போது, ஒருவேளை ஆசிரியர் சொல்வதுதான் சரியோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன். மாமா பல் போவதற்கு முன்பே உலகத்துக்குத் திரை போட்டுக்கொண்டவராக இருந்து, கூடவே இருந்த எனக்குத்தான் தெரியாமல் போயிருக்குமோ? இப்படி யோசித்ததற்காக என்னை நானே மன்னிப்பதற்குச் சில நாட்கள் ஆயின.

மூன்றாவதாக வந்தது முதுமையியல் துறை. அவர்கள் அளக்கிறவர்கள். கெண்டைக்காலை நாடாவால் சுற்றி அளந்தார்கள். கைப்பிடியை இறுக்கச் சொல்லி அளந்தார்கள். நடக்கச் சொல்லி அளந்தார்கள். மாமாவின் எடை இறங்கிக்கொண்டே வந்தது. ஏன் இறங்குகிறது என்று அவர்கள் கேட்கவில்லை, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில் அவர்களுக்கு மிகுந்த ஆர்வம் இருந்தது. வரைபடத்தில் கோடு அழகாகச் சரிந்துகொண்டிருந்தது.

இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. வறட்டு ரொட்டி, வேகாத காய், கடித்துத் தின்ன வேண்டிய பழம். ஒருவருக்கு மட்டும் மாற்றிக் கொடுத்தால் ஒப்பீடு கெட்டுவிடுமாம். சாப்பாடு பரிமாறும் அக்கா ஒருவர் இருந்தார். அவர் என்னை நடைவழியில் நிறுத்தினார்.

"உன் மாமாவுக்கு நான் திருட்டுத்தனமா ரொட்டியைத் தண்ணில ஊறவச்சுக் குடுக்கறேன்மா. நேத்து ஒரு தம்பி பார்த்துட்டான். 'தலையிடாதீங்கக்கா, தரவு கெட்டுடும்'ங்கறான். ஆளு கெட்டுப் போறார்டா, தரவாம் தரவு."

"அவங்ககிட்ட சொல்லிப் பார்த்தீங்களா அக்கா?"

"சொன்னேனே. என்னைப் பத்தி எழுதிட்டுப் போயிட்டாங்க. பராமரிக்கறவங்களோட மனச்சோர்வுன்னு ஒண்ணு இருக்காம். எனக்கு அது வந்துடுச்சாம்." அக்கா குரலைத் தாழ்த்தினார். "அது கிடக்கட்டும். திங்கக்கிழமை உன் மாமாவை நாலாவது மாடிக்கு மாத்தறாங்க. அதைச் சொல்லத்தான் நிறுத்தினேன்."

நாலாவது மாடி என்பது மூடிய பிரிவு. பேசாதவர்கள், சாப்பிடாதவர்கள், தனக்கானதைத் தானே தீர்மானித்துக்கொள்ள முடியாதவர்கள் என்று மூன்று துறைகளும் சேர்ந்து முடிவு செய்தவர்களை அங்கே அனுப்புவார்கள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி கிடையாது. மேலே போனவர்களில் யாரும் கீழே சாப்பிட வந்ததாக அக்காவுக்கு நினைவில்லை. பார்க்கப் போகிறவர்கள் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அனுமதி தரும் குழு காலாண்டுக்கு ஒருமுறை கூடும்.

அன்று அம்மாவிடம் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கதவு பாதி திறந்தாப் போதும்டி. நம்ம என்ன யானையா? அண்ணனைக் கூட்டிட்டு வந்துடு."

"ஆய்வு முடியற வரைக்கும் விடமாட்டாங்கம்மா. அவரே எழுதிக் குடுத்தாத்தான் விடுவாங்க. அவர் எழுதிக் குடுத்தா செல்லாதுங்கறாங்க."

"ஏன் செல்லாது?"

"பேசமாட்டேங்கறாராம்."

"பல்லைக் குடுத்தாப் பேசுவாருல்ல?"

"அதைத்தான்மா நானும் சொல்லிட்டிருக்கேன்."

அம்மா எழுந்து போய் மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள். "இதைப் படிக்கத்தான் சாயங்காலம் சாயங்காலம் போறியா நீ?" என்றாள்.

மறுநாள் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டுப் படியேறினேன். இந்த இடத்தை நான் மிகக் கவனமாக எழுத வேண்டும். இதில் எங்காவது என் புரிதலில்தான் ஓட்டை இருக்கும் என்று பலமுறை தேடிவிட்டேன்.

டாக்டரம்மா சொன்னார்: மாதிரி இப்போது மாதிரிக் கருவூலத்தின் சொத்து. வெளியே எடுக்க வேண்டுமானால் உரியவரின் சம்மதம் வேண்டும். உரியவர் சம்மதம் சொல்லும் தகுதியில் இருக்கிறார் என்று உளவியல் துறை சொல்ல வேண்டும்.

உளவியல் ஆசிரியர் சொன்னார்: தகுதியைப் பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் எத்தனை விலங்குகளின் பெயரைச் சொல்ல முடியும் என்று பார்ப்போம். மூன்று பேர் கொண்ட குழுவின் முன்னால், சத்தமாக, வாயை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

"பல்லைக் குடுத்தீங்கன்னா ஒரு காட்டையே சொல்லுவார் சார்."

"அது எப்படிங்க? பல்லைக் குடுக்கறது ஒரு தலையீடு. தலையீட்டுக்கு அப்பறம் வைக்கற சோதனை, தலையீட்டோட சோதனை. தகுதியோட சோதனை இல்ல."

"சரி சார், வெளில ஒரு புதுசு பண்ணிக்கறோம். எங்க தெருவுலயே பல்செட் பண்றவர் இருக்கார். வந்து அளவெடுத்துட்டுப் போகச் சொல்றேன்."

ஆசிரியரின் முகம் முதல்முறையாக மாறியது. கோபமில்லை. பயம். "வெளியாள் பல்லா? அது வேற வகை உயிரிகளை உள்ள கொண்டுவந்துடும். மருத்துவத் துறை எங்களைச் சும்மா விடாது."

முதுமையியல் துறையில் ஓர் இளைஞர் எனக்கு நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் தொடர்ந்தார்: "ஆனா அவரோட கோடு இப்பதான் நல்லா வந்திட்டிருக்கு. இந்த இடத்துல நிறுத்தினா யாருக்கும் பிரயோஜனமில்ல."

கீழே வந்து மாமாவிடம் சொன்னேன். விலங்குகள் விஷயத்தையும் சொன்னேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா என்று பார்த்தேன். பிறகு பார்க்காமலிருந்தேன்.

"எதிர்ல உக்காரப்போற மூணு பேரைச் சொல்லி ஆரம்பிக்கலாமா?" என்றார்.

"சொல்லுங்க மாமா. ஒரு தடவை, எனக்காக. பொக்கை வாயா இருந்தா என்ன?"

அவர் துண்டை இன்னும் மேலே இழுத்துக்கொண்டார். "என் பல்லை எடுத்துட்டு என்னையே அவங்க முன்னாடி வாயைத் திறந்து காட்டச் சொல்றியா அம்மாடி?" என்றார்.



நான்காவது துறையைப் பற்றிச் சொல்லவில்லையே. பண்பாட்டுத் துறைப் பேராசிரியை ஒருவர் தினமும் மாமாவின் அறைக்கு வந்து எதிரே உட்கார்ந்து அவருடைய மௌனத்தை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தார். 'பேச மறுக்கும் முதிய உடல்' என்பது அவருடைய கட்டுரை. வருகிறவர்களில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசியவர் அவர் ஒருவர்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். "உங்க மௌனம் ஒரு எதிர்ப்பு," என்று அவர் மாமாவிடம் சொன்னார். "இந்த நிறுவனத்தோட அதிகாரத்தை நீங்க உங்க வாயால மறுக்கறீங்க." மாமா துண்டை விலக்கித் தன் வாயைச் சுட்டிக்காட்டினார். வேறு யாருக்கும் காட்டாததை அந்தக் கைக்காகக் காட்டினார். பேராசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது. "வெறுமையையும் காட்டறார்," என்று ஒலிப்பதிவுக் கருவியிடம் சொன்னார்.

நிறுவனத்தின் ஆண்டுக் கருத்தரங்கு சனிக்கிழமை. கூடத்தின் முகப்பில் பேராசிரியை ஒரு கண்காட்சி வைத்திருந்தார்: 'முதுமையின் பொருட்கள்'. ஒரு கைத்தடி, ஒரு மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி ஒன்று. நடுவில், கறுப்பு வெல்வெட்டின் மேல், கண்ணாடி மூடிக்குள், தனி விளக்கொளியில், மாமாவின் பல்செட்.

நான் அதன் முன்னால் அப்படியே நின்றுவிட்டேன். பேராசிரியை பக்கத்தில் வந்தார்.

"என்ன ஒரு இருப்பு பாருங்க. பேச்சு போயிடுச்சு, பேசின கருவி மிச்சமிருக்கு."

"மேடம், இது எப்படி உங்களுக்குக் குடுத்தாங்க? வெளியவே எடுக்கக் கூடாதுன்னாங்களே."

"கண்காட்சிக்குன்னு ஒரு வரி எழுதிக் கேட்டேன். உடனே குடுத்துட்டாங்க. ரொம்ப நல்ல மனுஷங்க."

வரிசைப்படுத்துவது எனக்கு அந்த இடத்தோடு நின்றுபோனது.

கூடத்துக்குள் மாமாவை மேடையோரம் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். அவருக்கு நடக்க வரும். நடந்து வந்தால் சபைக்குப் புரியாதாம். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷத்துக்கு முன்னாடி முதியவர்களைப் பத்தி நமக்கு எதுவுமே தெரியாது. இன்னிக்கு நிலைமை என்ன? அவங்க வாயில என்ன இருக்குன்னு தெரியும், மனசுல என்ன இருக்குன்னு தெரியும், காலோட சுற்றளவு தெரியும். அவங்ககிட்ட கேக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு வளர்ந்திருக்கோம். இதோ இந்தப் பெரியவர் இங்க வரும்போது நல்லாச் சாப்பிட்டார், சிரிச்சார், ஓயாமப் பேசினார். அப்ப இவரைப் பத்தி எழுத ஒரு பக்கம்கூட இல்ல. இப்ப நாலு துறையும் சேர்ந்து பதினோரு கட்டுரை எழுதியிருக்கு. ஒரு மனுஷனோட வாழ்க்கைக்கு இதைவிட என்ன அர்த்தம் குடுக்க முடியும்?"

கைதட்டினார்கள். அந்தச் சத்தத்தில் நான் வெளியே வந்து கண்ணாடி மூடியைத் தூக்கினேன். கனமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. பல்செட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே மாமாவை நோக்கி நடந்து போனேன். யாரும் தடுக்கவில்லை. நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று நினைத்திருக்க வேண்டும்.

மாமா வாங்கிப் பார்த்தார். விளக்கில் திருப்பிப் பார்த்தார். சிறப்பு விருந்தினருக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்து அதில் அலசினார். துண்டால் துடைத்தார். எல்லோருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து போட்டுக்கொண்டார். பிறகு எழுந்து நின்றார். ஈறு வற்றிப்போயிருந்ததால் பல் கொஞ்சம் ஆடியது. நாக்கால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். குரல் மட்டும் ஆடவில்லை.

"பார்த்துக்குங்க ஐயா, பார்த்துக்குங்க அம்மா. கிட்டக்க வந்து பார்த்துக்குங்க. முதல் சாமான் ஒரு டாக்டரம்மா. குளிர்ல வச்சிருந்தா எத்தனை வருஷமானாலும் கெடமாட்டாங்க. கேக்கறவங்க கேக்கலாம். ரெண்டாவது ஒரு வாத்தியார். தூரத்துல இருக்கறது பிரமாதமாத் தெரியும், மூக்குக்குக் கீழ இருக்கறது தெரியாது. தெரிஞ்சு எடுத்துக்குங்க, அப்பறம் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. மூணாவது ஒரு அளவு நாடா, தம்பியோட சேர்த்து. கடைசியா இந்த மேடையிலயே பெரிய சாமான், ஒரு இயக்குநர். வெளில பாலிஷ், உள்ள காத்து. சும்மா எடுத்துட்டுப் போனாலும் சரி. ஒரு தரம்." சபையைச் சுற்றிப் பார்த்தார். "ரெண்டு தரம்." இன்னொரு முறை பார்த்தார். "கேக்க ஆளில்ல. மூலையில வைங்க."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. மாமா சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, ஏலக்குரல் இல்லாமல் சொன்னார்: "எனக்குப் பசிச்சது. இத்தனை பேர் வந்து பார்த்தீங்க. பசிக்குதான்னு ஒருத்தர் கேக்கல."

அதற்கும் கைதட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள்.

இயக்குநர் ஒலிவாங்கியைப் பிடித்தபோது அவர் முகம் பிரகாசமாக இருந்தது. "நீங்க இப்ப உங்க கண்ணால பார்த்தது ஒரு வரலாற்றுத் தருணம். பேச்சை முழுசா இழந்த ஒருத்தர், சொந்தப் பொருள் ஒண்ணைத் திருப்பிக் குடுத்ததும் பேசறார். இதுக்குப் 'பொருள் மீட்புச் சிகிச்சை'ன்னு இந்த மேடையிலயே பேர் வைக்கறேன். ஆனா ஒரே ஒருத்தரை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது. அதனால இல்லத்துல பல்செட் போட்டிருக்கற எல்லார்கிட்டயும் வாங்கி, ஆறு மாசம் வச்சிருந்து, திருப்பிக் குடுக்கப் போறோம். பாதிப் பேருக்கு."

"மீதிப் பேருக்கு?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஒப்பிட ஆள் வேணுமில்லையா?"

திங்கட்கிழமை மாமாவை மேலே அழைத்துப்போகவில்லை. பதிலாகத் துறைக்காரர்கள் எல்லோரும் கீழே வந்தார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் ஒவ்வொருவர் முன்னாலும் மூடியுள்ள சின்ன டப்பா ஒன்று வைக்கப்பட்டது. நான் கடைக்குப் போகவில்லை, மாமாவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தேன். டாக்டரம்மா கையுறை போட்டிருந்தார். பேராசிரியை ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்தார். இயக்குநர் வாசலருகே நின்றார். என் ஆசிரியர் மாமாவின் கையைக் குலுக்கினார்.

"வாழ்த்துக்கள் ஐயா. உங்களுக்குத் தகுதி திரும்ப வந்தாச்சு. இனி உங்க சம்மதம் செல்லும். அதனால முதல் ஆளா உங்ககிட்டயே கேக்கறோம். இந்தப் பல்செட்டை இன்னொரு தடவை குடுக்கறீங்களா?"

"முடியாதுன்னா?"

"அது உங்க உரிமை. ஒத்துழைக்க மறுக்கறதுக்கு எங்ககிட்ட ஒரு அளவுகோல் இருக்கு, அவ்வளவுதான். அதுல புள்ளி கூடினா நாலாவது மாடி."

மாமா எதிரே இருந்தவர்களைப் பார்த்தார். பழைய பேருந்து ஓட்டுநர், ஓய்வுபெற்ற தட்டச்சாளர், இருபது வருடம் பிரசவம் பார்த்த ஒரு நர்ஸ். ஓர் அம்மாள் டாக்டரம்மா கேட்பதற்கு முன்பே மரியாதைக்காகத் தன் பல்செட்டைப் பாதி கழற்றியிருந்தார்.

"அம்மா, அதை உள்ள தள்ளுங்க," என்றார் மாமா. "ரெண்டு மணி நேரம்னு சொல்லித்தான் என்கிட்டயும் வாங்கினாங்க. என் விலா எலும்பை எண்ணிக்குங்க. யார் வந்து என்ன கேட்டாலும் வாயைத் திறக்காதீங்க."

சொல்லிவிட்டுத் தன் வாயை மூடிக்கொண்டார். அந்த அம்மாள் விரலால் பல்லை உள்ளே தள்ளினார். நர்ஸ் உதடுகளை மடித்துக்கொண்டார். ஓட்டுநர் டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டார்.

டாக்டரம்மா முதல் மேசைக்குப் போனார். "ஆ சொல்லுங்க." யாரும் சொல்லவில்லை. அடுத்த மேசைக்குப் போனார். ஆசிரியர், "உங்க பேர் சொல்லுங்க, சும்மா பேர் மட்டும்," என்று ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்த்தார். பேராசிரியையின் கருவி ஓடிக்கொண்டே இருந்தது. முதுமையியல் துறை இளைஞரிடம் அளவு நாடா இருந்தது, எதை அளப்பது என்றுதான் தெரியவில்லை.

"எல்லாருக்கும் தகுதி இல்லைன்னு எழுதி மேல அனுப்பிட வேண்டியதுதானே?" என்றார் இயக்குநர்.

ஆசிரியர் அவர் காதருகே குனிந்தார். பின்னால் நின்ற எனக்குக் கேட்டது. "மேல அத்தனை கட்டில் இல்ல சார்."

அக்கா சாப்பாட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மேசை மேசையாகத் தட்டுகளை வைத்தார். ரொட்டி வாசனை பரவியது. டாக்டரம்மா டப்பாவோடு நின்றார், சாப்பிட வாயைத் திறந்துதானே ஆக வேண்டும் என்று. யாரும் தட்டைத் தொடவில்லை. உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நேரம் இருந்தது. நேரம் இல்லாதவர்கள் நின்றுகொண்டிருந்தவர்கள்தான். இயக்குநர் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் பசிக்கும் வேளை அது. "உணவு இடைவேளைக்கு அப்பறம் தொடரலாம்," என்று சொல்லிவிட்டு முதலில் அவர் போனார். பின்னாலேயே மற்றவர்கள் போனார்கள்.

நான் கதவைச் சாத்தி அதில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

நர்ஸ்தான் முதலில் ரொட்டியைப் பிய்த்தார். பிறகு கூடம் முழுவதும் மெல்லும் சத்தம். மாமாவுக்குப் பல் ஆடிக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு வாயையும் பொறுமையாக, ஒரு பக்கமாக ஒதுக்கி, மென்று விழுங்கினார்.

வெளியே யாரோ தட்டினார்கள். என் ஆசிரியரின் குரல். டப்பாக்களை உள்ளேயே விட்டுவிட்டார்களாம், எடுத்துக்கொள்ள வேண்டுமாம். வகுப்பில் அழைப்பது போலவே என்னை மரியாதையாக அழைத்தார். கதவைத் திறக்கச் சொன்னார்.

"சாப்பிட்டுட்டிருக்காங்க," என்றேன். திறக்கவில்லை.